சகலை வீட்டுத் தண்டவாளம்

பச்சைக் கொடி என் கையில் இருந்தது. சித்திரை மாதம், காலை பதினொன்றரை மணி இருக்கும். சிதம்பரத்தில் என் சகலை கதிரேசன் வீட்டுப் பின்தோட்டத்தில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பந்தல் நிழலில் யாரோ ரோஸ்மில்க் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எதிரே, ஏழு அங்குல அகலத் தண்டவாளத்தின் மேல் ஒரு கறுப்பு எஞ்சின் நின்றது. உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதன் பின்னால் மூன்று பெட்டிகள். பெட்டி என்றால் சக்கரம் வைத்த நீளப் பெஞ்சு. ஆண்கள் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரலாம், புடவைக்காரர்கள் ஒருபக்கமாக உட்காரலாம்.

முதல் பெட்டியில் என் மனைவி வசந்தா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தங்கை அமுதா, அதாவது கதிரேசனின் மனைவி. எஞ்சினுக்கு அடுத்த சின்னப் பலகையில் டிரைவராகக் கதிரேசன். தலையில் நீலத் தொப்பி வேறு.

"அண்ணே, நீங்க கொடி காட்டுனாத்தான் வண்டிய எடுப்பேன்" என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணன் மூணு தடவ வந்து லைனப் பாத்துட்டாரு. ஒரு கொறை சொல்லல. முப்பது வருசம் ரயில்வேல லைன் பாத்தவரு ஒண்ணும் சொல்லலைன்னா லைன் சரியா இருக்குதுன்னுதான அர்த்தம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொடியை அசைத்தேன்.

அசைக்கும்போதே, கிணற்றடி வளைவில் தண்டவாளம் நெளியும் என்று எனக்குத் தெரியும்.

பொறாமை என்றே எழுதுகிறேன்

வாரா வாரம் நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிக்கிற நெய்வேலி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாரையும் கிண்டல் பண்றீங்களே சார், உங்க தப்பு ஒண்ணுகூடவா கிடையாது?" இருக்கிறது. இந்த வாரம் அதுதான்.

வயிற்றெரிச்சல், ஆற்றாமை என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் பொறாமை என்றே எழுதிவிடுகிறேன். அதுவும் கூடப்பிறந்தவன் மேலோ, ஆபீஸில் மேலே போனவன் மேலோ வந்த பொறாமை இல்லை. ஒரு பொம்மை ரயில் மேல் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு வந்தது.

நான் கடலூர் முதுநகரில் கீமேனாக வேலைக்குச் சேர்ந்தவன். கீமேன் என்றால் தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே மைல் கணக்கில் நடப்பவன். கடைசியில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று அந்த மீட்டர் கேஜ் பாதையில் நான் மிதிக்காத கட்டை கிடையாது.

கதிரேசன் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் கிளார்க். ரயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோர சீட்டு பிடிப்பது எப்படி என்பதுதான். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதராக இருந்து தொலைத்ததால் அவர் மேல் பொறாமைப்படுவது எனக்கு இரட்டை வேலையாக இருந்தது.

பத்திரிகையின் முதுகில் ஒரு படம்

சுனாமி வந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து, பிராட் கேஜ் போடுவதற்காக எங்கள் மீட்டர் கேஜ் பாதையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் கதிரேசனும் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் கடலூருக்கு வந்துகொண்டிருந்தோம். கிள்ளை தாண்டியதும் உப்பங்கழி வாடை ஜன்னல் வழியாக வந்தது. அன்றைக்கு எனக்கு என்னவோ வாய் திறந்துகொண்டது.

"ரிட்டயர் ஆனதும் வீட்டுத் தோட்டத்துல ஒரு ரயில் வுடப்போறேன் சகலை" என்றேன்.

"பொம்மை ரயிலாண்ணே?"

"ஆள் ஒக்காந்து போறது. ஏழு அங்குல அகலம். ஒரு ரவுண்டு லைன், ஒரு ஸ்டேஷன், மஞ்ச போர்டு, எல்லாம்."

வசந்தாவிடம்கூட அதுவரை நான் சொன்னதில்லை. மனதுக்குள்ளேயே பத்து வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கதிரேசன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் திருப்பி, பேனாவும் கொடுத்து, "வரைஞ்சி காட்டுங்க" என்றார். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் கோணல்மாணலாக வரைந்து காட்டினேன். பத்திரிகையை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நானும் அதை மறந்துவிட்டேன்.

பிறகு பாதையை மூடினார்கள். தண்டவாளம் பிடுங்கிய ஊரில் தண்டவாளக்காரனாக ஓய்வு பெற்றேன். எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் தோட்டம் என்று இருந்த இடத்தில் மகனுக்கு ஒரு போர்ஷன் கட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது நாலு பூந்தொட்டியும் ஒரு துணி காயப்போடும் கொடியும். அதில் ரயில் விட வேண்டுமானால் தீப்பெட்டியில்தான் விட வேண்டும்.

புயல் காலி செய்த இடம்

தானே புயல் அடித்த மார்கழியில் கடலூர்ப் பக்கம் மரம் என்று எதுவும் மிஞ்சவில்லை. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்துகிடந்ததைப் பார்த்துப் பெரிய மனிதர்களெல்லாம் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். சிதம்பரத்தில் கதிரேசன் தோட்டத்திலும் ஒரு பெரிய பலா விழுந்தது. அதோடு ரெண்டு மாமரமும்.

தை மாதம் வடலூருக்குப் பூசம் பார்க்கப் போன நானும் வசந்தாவும் அப்படியே சிதம்பரம் போனோம். சபையில் ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்தபோது மனசு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அது ரெண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கதிரேசன் வீட்டுக் கொல்லையில் மரங்கள் போய் வெட்டவெளியாகக் கிடந்தது. அதில் வட்டமாகச் செம்மண் கொட்டி, ஜல்லி பரப்பி, பலாக்கட்டைகளைச் சின்னச் சின்ன ஸ்லீப்பராக அறுத்து வரிசையாக அடுக்கியிருந்தார்.

"என்னா சகலை இது?"

"ரயிலுண்ணே" என்றார், வெட்கத்தோடு. "மரம் போச்சேன்னு அமுதா அழுதுகினே இருந்தா. எடம் சும்மாதான கெடக்குது, லைன் போடலாம்னு நெனச்சேன். ஏழு அங்குலம்."

ஏழு அங்குலம். என் ஏழு அங்குலம்.

"நல்லா இருக்கு" என்றேன். அமுதா கத்திரிக்காய் கொத்சும் இட்லியும் வைத்தாள். சிதம்பரம் கொத்சு என்றால் எனக்கு உயிர். அன்றைக்கு நாலு இட்லியோடு எழுந்துவிட்டேன். "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று அவள் வசந்தாவைக் கேட்டது காதில் விழுந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் புகார். இது அண்ணன் சொன்னது என்று ஒரு வார்த்தை. அவரோ எதுவுமே நடக்காதது போல, பழைய பேட்டரி ஸ்கூட்டர் மோட்டாரை எங்கே வாங்கினார், தகரத்தை எங்கே வளைத்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். எஞ்சின் உருவம் நீராவி எஞ்சின், ஹாரன் மட்டும் டீசல் ஹாரன். அந்த ஒரு தப்பைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

கிளம்பும்போது என்னிடமிருந்த பழைய ரயில்வே விதிப் புத்தகத்தைக் கேட்டார். மறுவாரம் கொடுத்தனுப்பினேன். ஒரு மாதத்தில் கொடி, விளக்கு, கைஜாடை எல்லாவற்றையும் ஒப்பிக்கும் அளவுக்குப் படித்துவிட்டார். அதற்கும் எனக்கு எரிந்தது.

தகடு பையிலேயே இருந்தது

இங்கே ஒரு சின்ன விஷயத்தை விளக்கிவிடுகிறேன். வெயிலில் இரும்பு நீளும். அதனால்தான் பழைய பாதைகளில் ஒரு தண்டவாளத்துக்கும் அடுத்த தண்டவாளத்துக்கும் நடுவில் துளி இடைவெளி விட்டிருப்போம். ரயிலில் தடக் தடக் என்று கேட்கிறதே, சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டுகிற சத்தம்தான் அது. இடைவெளி இல்லாவிட்டால், நீளுகிற இரும்பு போக இடமில்லாமல் பக்கவாட்டில் நெளிந்துகொள்ளும்.

கோடையில் உச்சிவெயிலில் இதைப் பார்ப்பதற்கென்றே நடக்கிற டியூட்டி உண்டு. ஒரு தடவை ஆலப்பாக்கம் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். நேராக இருந்த பாதை கண்ணெதிரே லேசாக வளைந்து நின்றது. நல்ல வேளையாக வண்டி வர நேரம் இருந்தது, சரிசெய்துவிட்டோம். அந்த வளைவை ஒருமுறை பார்த்தவனுக்கு அப்புறம் மறக்காது.

இடைவெளியை அளக்க ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்போம். ஓய்வு பெற்ற பிறகும் என் சட்டைப் பையில் அது இருக்கும். மூக்குக்கண்ணாடி போல அதுவும் என் உடம்போடு சேர்ந்துவிட்டது.

மாசி மாதம் போனபோது பாதை முடிந்திருந்தது. காலைப் பனி இன்னும் விலகவில்லை. பட்டை இரும்பை விளிம்பு மேலே இருக்கும்படி நிமிர்த்திக் கட்டைகளில் இறுக்கியிருந்தார். குனிந்து விரலால் தடவினேன். இருநூறு அடி வட்டம் முழுக்க ஒரு இணைப்புகூடத் தட்டுப்படவில்லை.

"மொத்தமும் வெல்டிங்கா?"

"ஆமாண்ணே. புதுசா போட்டிருக்கிற பிராட் கேஜ்ல சத்தமே வரல பாத்தீங்களா? கேட்டேன், வெல்டிங் அடிச்சி ஒரே கம்பியா ஆக்கிட்டாங்களாம். அதே மாதிரி நம்மளுதும் வழுக்கினு போவுது."

பிராட் கேஜில் அப்படிச் செய்கிறார்கள்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு கான்கிரீட் கட்டையும் ஆளைவிட நாலு பங்கு கனம், இரண்டு பக்கமும் முட்ட முட்ட ஜல்லி. இரும்பு நெளிய நினைத்தாலும் விடாது. இங்கே இருப்பதோ முழ நீளப் பலாக்கட்டையும் கைப்பிடி ஜல்லியும். மேலே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சித்திரை வெயில் இறங்கினால் இந்த வட்டம் தாங்காது.

சொல்ல இரண்டு நிமிடம் போதும். கை சட்டைப் பைக்குப் போனது. தகட்டைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"எப்பிடிண்ணே இருக்குது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர் போல நின்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. நீயே பெரிய ரயில்வேக்காரன், நீயே பட்டுத் தெரிந்துகொள் என்று நினைத்தேன். அப்படியே இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன். ஒருநாள் வெயிலில் லைன் கோணிக்கொள்ளும், அப்போது என்னைத் தேடி வருவார், நான் தகட்டை எடுத்துக் காட்டுவேன் என்று பஸ்ஸில் வரும்போது படம் ஓட்டிப் பார்த்தேன். அந்தப் படத்தில் வண்டி மேல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பங்குனியிலும் ஒருதரம் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு கையும் மேலே

தொடக்க விழாவுக்கு நல்ல நேரம் பதினொன்றரைக்கு மேல் என்று குறித்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கதிரேசன் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்திருக்கிறார். சுகமாக ஓடியிருக்கிறது. ஏழு மணிக்கு ஓடத்தான் செய்யும்.

நாங்கள் பத்தரைக்குப் போனோம். கிணற்றடி வளைவைப் பார்த்தேன். வெளிப்பக்கத் தண்டவாளம் கட்டையோடு சேர்ந்து ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையில் இருந்தபோது என் ஆள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

வசந்தா முதல் ஆளாகப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்தாள். "முப்பது வருசம் ரயில்வேக்காரரு பொண்டாட்டின்னு பேரு. ஒரு எஞ்சினு கிட்டக்கூட இட்டுனு போனது இல்ல. எங்க அமுதா வூட்டுக்காரருதான் ஏத்திவுடுறாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் கொடியை அசைத்தேன்.

ஹாரன் அடித்தது. வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பார்க்க ரொம்ப அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பார்க்கப் பிடிக்காமல் திரும்பினேன். பின்னால் தகரக் கொட்டகை போட்டு 'ஸ்டேஷன்' ஆக்கியிருந்தார். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சட்டம். சாமி படம் என்று நினைத்தேன். கிட்டப் போனால் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். என் கோணல் கோடுகள். கீழே கதிரேசன் கையெழுத்தில், 'திட்டம்: தணிகாசலம் அண்ணன்' என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தில் ஒவ்வொரு தண்டவாளமும் முடிகிற இடத்தில், கைப்பழக்கத்தில் துளி இடைவெளி விட்டுத்தான் கோடு இழுத்திருந்தேன். பேனா மை விட்டுவிட்டு விழுந்திருக்கிறது என்று சகலை நினைத்திருப்பார்.

வசந்தா சிரிப்பது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வண்டி பாதி வட்டம் தாண்டிவிட்டது. எஞ்சினுக்கு எதிரே கிணற்றடி வளைவு முறுக்குப் பிழிந்த மாதிரி நெளிந்து கிடந்தது. வளைவை ஒட்டித்தான் துணி துவைக்கிற கருங்கல்.

ஓடினேன். கையில் இருந்ததோ பச்சைக் கொடி. அதை வீசி எறிந்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பாதையில் போய் நின்றேன். சிவப்புக் கொடி இல்லாதபோது வண்டியை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு இருக்கிற கைஜாடை அதுதான். கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறேன் என்று நினைத்து, ஒரு அம்மா தானும் கையைத் தூக்கிக் கும்பிட்டாராம்.

புத்தகத்தை ஒப்பித்து வைத்திருந்தவருக்குப் புரிந்தது. கதிரேசன் பிரேக்கை இழுத்தார். எஞ்சினின் முன் சக்கரம் கீழே இறங்கிச் சாய்ந்து நின்றது. கல்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. கதிரேசனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அமுதா புடவையில் கிரீஸ். வசந்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் தலை இருந்த உயரமும் அந்தக் கல்லின் உயரமும் ஒன்று. அதைப் பார்த்த பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்பத்தான் பார்த்தேன்

கதிரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெளிந்த தண்டவாளத்தைத் தொட்டார், சுட்டதும் கையை எடுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வெயில்ல நீளும்னு எனக்குத் தோணவே இல்லண்ணே. ரெண்டு பேரையும் கொன்னுருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பண்ணே பாத்தீங்க?"

இரண்டாவது முறையாக அந்த மனிதர் என்னிடம் நேராகக் கேட்டார். முதல் தடவை சும்மா இருந்தேன். இந்தத் தடவை பதில் சொன்னேன்.

"இப்பத்தான் பாத்தேன் சகலை."

என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அமுதா ரோஸ்மில்க் கொண்டுவந்து கொடுத்து, "மாமா மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பித்து முடிக்காமல் போனாள். வசந்தா அன்று இரவு சாப்பிடும்போது, "உங்க வேல என்னான்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிகினேன்" என்றாள். முப்பது வருடம் நான் ஏங்கிய வார்த்தை அது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டேன்.

அடுத்த வாரமே போய், வெல்டிங்கை எல்லாம் அறுத்து, இணைப்புப் பட்டை வைத்து, இடைவெளி விட்டு நானே பாதையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். வண்டி தடக் தடக் என்று ஓட ஆரம்பித்தது. கதிரேசன் ஸ்டேஷன் சுவரில் விதி ஒன்று எழுதி மாட்டினார்: 'சித்திரை, வைகாசியில் அண்ணன் வந்து லைன் பார்க்காமல் வண்டி எடுக்கக் கூடாது.'

அதிலிருந்து வருடா வருடம் சித்திரை பிறந்ததும் போன் வரும். "அண்ணே, எப்ப வரீங்க?" நான் போய், தகட்டை விட்டு ஒவ்வொரு இடைவெளியாக அளந்துவிட்டு வருவேன். மாமாவுக்கு அந்த ரயில் மேல் எவ்வளவு பாசம் பார் என்று அமுதா எல்லோரிடமும் சொல்கிறாள்.

மாசி மாதமே எனக்குத் தெரியும் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வசந்தாவிடமும் சொன்னதில்லை. நேரில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கதிரேசன் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர். வந்ததும் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சித்திரை பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. தகட்டைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். போன் வருமா என்று தெரியவில்லை.

வராவிட்டால் ஒன்று மட்டும், சகலை. வெயில் ஏறுவதற்கு முன்னால் கிணற்றடி வளைவை நீங்களே குனிந்து பாருங்கள். இடைவெளியில் ஒரு ரூபாய்க் காசு நுழைய வேண்டும். நுழையாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.